பாறையின் அதிர்வைப் பல தடங்களில் கேட்டல்

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை தோண்டப்பட்டது. அங்குள்ள பாறையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 3 கிராம். ஆகவே ஒரு கிலோமீட்டர் உயரமுள்ள பாறைத் தூண் தன் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 300 கிலோகிராம் எடையுடன் அழுத்தும். 3 கிலோமீட்டர் ஆழத்தில் அது 900 கிலோகிராம் ஆகும். தாதுவை அகற்றியதும், அவ்விடம் தாங்கி வந்த சுமை அண்டைப் பாறைக்கு மாறுகிறது. தாங்கும் எல்லை கடந்தால் பாறை திடீரென உடைந்து சிதறுகிறது. இதுவே பாறை வெடிப்பு எனப்படும். தங்கவயல் தொழிலாளர் பலர் இதனால் உயிரிழந்தனர்.

வெடிப்பு எங்கே நிகழ்ந்தது என்பதை விரைவில் அறிந்தால், மீட்புக் குழுவினரை உரிய மட்டத்திற்கு அனுப்பலாம். எந்தப் பகுதியில் சிற்றதிர்வுகள் மிகுகின்றன என்பதையும் கண்டு எச்சரிக்கலாம். இந்நோக்கத்துடன் 1970களின் பிற்பகுதியில், பாபா அணுசக்தி ஆராய்ச்சி மையத்தின் துணையுடன் இங்கு அதிர்வு உணரும் வலை அமைக்கப்பட்டது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பெற்றது.

தடம் என்றால் என்ன?

இவ்வகை வலையின் உறுப்பு ஜியோபோன் என்னும் கருவி. அதனுள் காந்தமும், சுருள்வில்லில் தொங்கும் கம்பிச் சுருளும் உள்ளன. நிலம் அசையும்போது சுருளுக்கும் காந்தத்திற்கும் இடையே சார்பியக்கம் உண்டாகி, சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. ஒவ்வொரு ஜியோபோனின் குறிப்பும் பதிவு நிலையத்தை அடையும் வழியே ஒரு தடம்.

தடம் ஒருபோதும் முற்றிலும் அமைதியாக இராது. ஆலை, வண்டி, நீரிறைக்கும் யந்திரம் யாவும் அதில் இரைச்சலை எழுப்பும். ஆகவே கருவி இரண்டு சராசரிகளை இடைவிடாது கணக்கிடுகிறது: ஒன்று கடந்த சில நொடிகளின் சராசரி, மற்றொன்று ஒரு நொடிக்கும் குறைந்த காலத்தின் சராசரி. இரண்டாவது முதலாவதைப் போல் பல மடங்கு உயர்ந்தால், அத்தடம் விழித்ததாகக் கொள்ளப்படும்.

ஒரு தடம் மட்டும் விழித்தால், அருகில் ஒருவர் நடந்து சென்றிருக்கலாம். பல தடங்கள் குறுகிய காலத்திற்குள் விழித்தால்தான் நிகழ்ச்சி பதிவாகும். பாறையில் முதன்மை அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் செல்வதாகக் கொள்வோம். வலையின் நீளம் 3 கிலோமீட்டர் எனில், அலை அதைக் கடக்க அரை நொடி போதும். எனவே அரை நொடிக்குள் பல தடங்கள் விழிக்கின்றனவா என்பதே சோதனை.

அமெச்சூர் வானொலியாளரின் பாக்கெட் கட்டுப்பாட்டுக் கருவியும் தடத்தைக் கேட்கிறது. ஆனால் அங்கே பல நிலையங்கள் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்து கொள்கின்றன. இரண்டு ஒரே நேரத்தில் பேசினால் செய்தி குலையும். ஆகையால் தடம் ஓயும்வரை கருவி காத்திருந்து அனுப்புகிறது. அங்கே தவிர்க்கப்படும் ஒருங்கு நிகழ்வே இங்கே தேடப்படும் சான்று.

இடத்தைக் காணும் முறை

மேற்கூறிய வேகத்தில் அலை ஒரு மில்லிசெகண்டில் 6 மீட்டர் செல்கிறது. ‘அ’ என்னும் ஜியோபோன் ‘ஆ’வைவிட 20 மில்லிசெகண்டு முன்னதாக உணர்ந்தால், வெடிப்பு ‘அ’வுக்கு 120 மீட்டர் அண்மையில் உள்ளது. இவ்வொரு வேறுபாடு இடத்தை ஒரு வளைபரப்பில் நிறுத்தும், புள்ளியைத் தராது. நீளம், அகலம், ஆழம், நிகழ்ந்த நேரம் ஆகிய நான்கும் அறியப்படாதவை. எனவே குறைந்தது நான்கு தடங்கள் தேவை. எல்லாக் கருவிகளும் தரைமட்டத்திலேயே இருந்தால் ஆழம் பிழைபடக்கூடும். சிலவற்றைச் சுரங்கத்தினுள்ளும் வைத்தல் நலம்.

களப்பணியாளர் கடமை

வெடிமருந்து வைக்கும் நேரத்தைத் தவறாது குறித்து வைக்க வேண்டும். இன்றேல் சுரங்க வெடியும் பாறை வெடிப்பும் கலந்துவிடும். கடிகாரங்கள் ஒத்திருத்தல் இன்றியமையாதது. 5 மில்லிசெகண்டு பிழை 30 மீட்டர் பிழையாகும். அது மீட்புக் குழுவை வேறொரு மட்டத்திற்கு அனுப்பிவிடலாம்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. நீரிறைப்பு நின்றதும் வெற்றிடங்களில் நீர் நிறைந்தது. அதன் பின்னரும் மேலே வாழும் மக்கள் அதிர்வுகளை உணர்ந்ததுண்டு. ஆள் இறங்காத சுரங்கத்தையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பயிற்சி: ‘அ’ தடம் ‘ஆ’வைவிட 30 மில்லிசெகண்டு முன்னதாக விழித்தது. பின்னர் ‘ஆ’வின் கடிகாரம் 10 மில்லிசெகண்டு முந்தி ஓடுவது தெரிந்தது. தொலைவு வேறுபாடு யாது?

விடை: உண்மையான கால வேறுபாடு 20 மில்லிசெகண்டு, தொலைவு வேறுபாடு 180 மீட்டர் அன்று, 120 மீட்டர்.