வலிக்கு வக்காலத்து வேண்டாம்

பொம்மிடிப் பக்கம் யாருக்காவது பெரிய நோய் என்றால், விசாரிக்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “வேலூருக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?” என்பதுதான். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போக மொரப்பூர், ஜோலார்பேட்டை தாண்டிக் காட்பாடியில் இறங்க வேண்டும். சர்க்கரை முற்றிக் கால் மரத்துப்போன என் அண்ணனோடு நானும் அந்த ரயிலில் போய்வந்திருக்கிறேன். செருப்பில் ஏறியிருந்த ஆணி அவருக்குத் தெரியவே இல்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

வீடு திரும்பியதும் பி.பள்ளிப்பட்டி உறவுகள் செபமாலையும் சாத்துக்குடியுமாக வந்தார்கள். நல்ல மனசுதான். ஆனால், “ஆண்டவர் சோதிக்கிறார்”, “எல்லாம் நன்மைக்கே” என்று ஆரம்பித்தால் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அவர்கள் போன பிறகு என்னிடம் கேட்பார்: “ஏன்டா, நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்?”

வலியை நன்மை என்று சொல்ல உரிமையுள்ளவர் என்றால் எனக்குத் தெரிந்து டாக்டர் பால் பிராண்ட்தான். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவைசிகிச்சையால் நிமிர்த்தியவர். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்வு இல்லாததால் சுட்டும் வெட்டியும் தேய்ந்தும் போகின்றன என்பதை அவர் விடாமல் துருவிக் கண்டார். தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியாது. அதனால் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்களாம்! பின்னாளில் அமெரிக்காவில் செயற்கையாக வலியை உண்டாக்கும் கருவி ஒன்றைச் செய்து பார்த்தார். போட்டுக்கொண்டவர்கள் வேலைக்கு இடைஞ்சல் என்று அதை அணைத்துவிட்டார்கள். வலி ஒரு கொடை என்று அவர் எழுதியது இப்படிக் கிடைத்த ஞானம்.

அண்ணன் காலைப் பார்த்தால் அது உண்மைதான் என்று புரிகிறது. ஆனாலும் அதை அவரிடம் நான் சொல்லமாட்டேன். ஆராய்ந்தவர் எழுதினால் அது அறிவு. கட்டிலருகே நின்று நாம் சொன்னால் வெறும் வக்காலத்து. கடவுளுக்கு நம் வக்காலத்து தேவையில்லை என்றே நினைக்கிறேன். வேதத்தில் வரும் யோபு துன்பத்தில் கிடந்தபோது அவருடைய நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதுவரை சரி. பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டதும் அவர்களைத்தான், முறையிட்ட யோபுவை அல்ல.

பிராண்டின் அப்பா ஜெஸ்ஸி 1929-இல் கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்தார். மகன் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். அம்மா எவ்லின் அதற்கு விளக்கம் தேடிக்கொண்டிருக்கவில்லை. வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் சொந்தப் பொறுப்பில் மலையேறினார். 1974-இல் தமது 95-ஆம் வயதில் இறக்கும்வரை மலை மக்களோடுதான் இருந்தார். ‘ஏன்’ என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய பதிலை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். ‘வியாழக்கிழமை மருந்து நான் வாங்கிட்டு வரேன்’ என்று சொல்லுங்கள். ராத்திரி கண்விழிக்கும் அண்ணிகளையும் அம்மாக்களையும் ஒரு பொழுதாவது தூங்கவிடுங்கள். செபிக்கச் சொன்னால் சுருக்கமாகச் செபியுங்கள். எங்கள் வீட்டில் திருப்பாடல் 88 வாசிப்போம். ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருட்டிலேயே முடிகிற பாடல் அது. அப்படியொரு முறையீட்டுக்கும் வேதத்தில் இடமிருக்கிறது என்பதே அண்ணனுக்குப் போதுமாக இருந்தது. இறந்துபோன இலாசரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு முதலில் அழத்தான் செய்தார்.

மரத்த கால் உள்ளவர் வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது. போடுமுன் செருப்பைத் தட்டிப் பார்க்க வேண்டும். வெந்நீரின் சூட்டை வேறொருவர் கைவிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். ராத்திரியில் அண்ணனின் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை. அந்த நேரத்தில் எப்போதாவது சாமியைப் பற்றிப் பேச்சு வரும். பெரும்பாலும் கிரிக்கெட்தான்.