புகையை விட்ட பின் நுரையீரல்
(பத்தாம் வகுப்பு மாணவி)

"முப்பது வருஷமாகப் பிடித்தாயிற்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?" புகைப்பதை விடும்படி பெரியவர்களிடம் கூறினால் நம் இல்லங்களில் கிடைக்கும் விடை பெரும்பாலும் இதுவே. இவ்விடை சரிதானா என ஆராய்வோம்.

நம் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் மிக நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. அவை இடைவிடாது அசைந்து தூசியையும் சளியையும் மேலே தள்ளுகின்றன. புகையின் நச்சு அவற்றை முடக்குகிறது. புகைப்பதை நிறுத்திய சில மாதங்களில் அவை மீண்டும் செயல்படத் தொடங்க, இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன.

ஆயினும் சிதைந்துபோன காற்று நுண்ணறைகள் மீண்டும் வளர்வதில்லை. இலண்டன் நகரத் தொழிலாளரை ஆராய்ந்த பிளெட்சர், பீட்டோ ஆகியோர் 1977-இல் ஓர் உண்மையை விளக்கினர். புகையை விட்டவருக்கு இழந்த மூச்சுத்திறன் பெரிதும் திரும்புவதில்லை. ஆனால் அதன்பின் ஏற்படும் இழப்பு, புகைக்காதவருடைய அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஓட்டைக் குடத்தை அடைத்தால் சிந்திய நீர் திரும்பாது. எஞ்சிய நீர் தங்கும் அல்லவா?

புற்றுநோயைப் பற்றியும் அறிவோம். புகையை விட்டு 10 ஆண்டுகளானால், நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம், தொடர்ந்து புகைப்பவரைவிட ஏறக்குறையப் பாதியாகிறது. எனினும் அது முற்றிலும் மறைவதில்லை. ஆகவே புகையை விட்டுப் பல்லாண்டுகள் ஆனவரும், நெடுநாள் இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

பிரிட்டனில் 1951-இல் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் அறிஞர்கள் மருத்துவர்களிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினர். அதன் 50 ஆண்டுக்கால முடிவு 2004-இல் வெளியாயிற்று. புகையை 30 வயதில் விட்டவர்கள் சுமார் 10 ஆண்டு ஆயுளைக் காத்துக்கொண்டனர். 40 வயதில் விட்டவர்கள் 9 ஆண்டும், 50 வயதில் விட்டவர்கள் 6 ஆண்டும், 60 வயதில் விட்டவர்கள் 3 ஆண்டும் காத்துக்கொண்டனர். டால் அவர்களும் முன்பு புகைத்தவரே. அப்பழக்கத்தைக் கைவிட்ட அவர் 92 வயது வரை வாழ்ந்தார்.

அன்புத் தோழியரே! இரவில் திண்ணையிலிருந்து வரும் இருமல் ஒலியைக் கேட்டே நம்மில் பலர் வளர்ந்திருக்கிறோம். தந்தையையும் தாத்தாவையும் இடித்துரைக்கும் வயது நமக்கில்லை. ஆனால் இந்த எண்களை அன்போடு அவர்களிடம் சொல்லலாம். மூன்றே ஆண்டுகள்தானே என அவர்கள் சிரிக்கக்கூடும். பேத்தி பட்டம் பெறுவதைக் கண்ணாரக் காண அந்த மூன்று ஆண்டுகள் போதுமே! கண் இன்னும் கெட்டுவிடவில்லை என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம்.