எல்லாம் அறிந்த யந்திரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மனிதன் செய்யும் புத்தி வேலை எதுவானாலும் தானும் செய்யவல்ல யந்திரம், அதாவது பொதுச் செயற்கை நுண்ணறிவு, இதோ வாசலுக்கு வந்துவிட்டது என்று ஒரு சாராரும், அது ஒருநாளும் வாராது என்று மற்றொரு சாராரும் வாதிடுகையில், இடையில் நிற்கும் சாமானிய வாசகர் மனத்தில் சில பிரமைகள் உண்மையின் வேஷம் பூண்டு குடியேறிவிடுகின்றன.

நம்பிக்கை: அது வரும் ஆண்டைக் கணித்துவிடலாம்.

உண்மை: 1956-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கூடி இத்துறைக்கு வித்திட்ட அறிஞருள் ஒருவரான ஹெர்பர்ட் சைமன், மனிதன் செய்யும் எவ்வேலையையும் இருபது ஆண்டுகளுக்குள் யந்திரங்கள் செய்யும் என்று 1965-இல் எழுதினார், 1985 வந்து போயிற்று. ஆயினும், மறுத்தவர்களின் கணக்கும் பிழைத்ததுண்டு. கோ என்னும் பலகை ஆட்டத்தில் யந்திரம் வெல்ல இன்னும் பல்லாண்டுகள் ஆகுமென்று நிபுணர் பலர் எண்ணியிருக்க, 2016-இல் ஸோல் நகரில் கோ ஆட்ட வீரர் லீ சேடோல் யந்திரத்திடம் நான்கு ஆட்டங்களைத் தோற்று ஒன்றை மட்டுமே வென்றார்.

நம்பிக்கை: சரளமாகப் பேசுவது விஷயத்தைப் புரிந்துகொண்டதற்கு அடையாளம்.

உண்மை: ஜோசப் வைசன்பாம் 1966-இல் வெளியிட்ட எலைசா என்னும் நிரல், எதிரில் இருப்பவர் தட்டச்சிட்ட வாக்கியத்திலிருந்தே சில சொற்களைப் பொறுக்கி, அவற்றைக் கேள்வியாகத் திருப்பித் தந்ததேயன்றி வேறொன்றும் அறியாதது, அப்படியிருந்தும், அவர் அதை உருவாக்கியதை மாதக்கணக்கில் அருகிருந்து கண்ட அவருடைய காரியதரிசியே, அதனோடு சில வார்த்தைகள் பரிமாறியபின், தனித்துப் பேசவேண்டும், அறையைவிட்டு வெளியே செல்லுங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். இன்றைய நிரல்கள் எலைசாவினும் பன்மடங்கு வல்லமை பெற்றவை என்பதில் ஐயமில்லை. ஆனால் செவிக்கு இனிய விடையை மெய்யான விடையென்று ஏற்கும் நம் சுபாவம் அன்றுபோல் இன்றும் மாறாதிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

நம்பிக்கை: எல்லாம் அறிந்தால்தான் யந்திரத்தால் பெரும் பிரயோஜனம்.

உண்மை: மூன்றினுள் மிகுந்த தீங்கு விளைப்பது இதுவே என்பது என் அபிப்பிராயம், ஏனெனில், வராத சர்வஞ்ஞனை எதிர்நோக்கியிருப்பவர்கள் கையிலிருக்கும் கருவியைச் செவ்வையாகப் பயன்படுத்தவும் சோதிக்கவும் மறந்துவிடுகிறார்கள். ஒரு புரதம் எவ்வடிவில் மடிகிறது என்பதை ஊடுகதிரால் கண்டறிய மாதங்களும், சில சமயம் ஆண்டுகளும் செலவான நிலையில், ஒரு கடிதம் எழுதவும் தெரியாத ஆல்ஃபாஃபோல்டு என்னும் நிரல் அமினோ அமிலங்களின் வரிசையைக் கொண்டே அவ்வடிவை ஊகித்தது. 2022-இல் இருபது கோடிக்கு மேற்பட்ட வடிவங்கள் உலகத்தார் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியாயின. 2024-இல் இந்நிரலை உருவாக்கியவர்களான டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் அதற்காக வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இத்தனைக்கும், ஊகம் ஊகமே. அதைப் பரிசோதனைச் சாலையில் மெய்ப்பிக்கும் பொறுப்பு மனிதருடையது. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும், புரதச் சங்கிலியில் எந்தக் கோணங்கள் சாத்தியம், எவை அசாத்தியம் என்று கணித்து வரைந்தார்களே, அந்தப் படம் இன்றும் அவ்வடிவங்களைச் சரிபார்க்கும் முறைகளுள் ஒன்றாக விளங்குகிறது.