கடையின் சுவிட்சும் ஐந்து கட்டளைகளும்

நாவற்குடாவிலும் அயலிலுள்ள காத்தான்குடியிலும் வீதியோரக் கடைகள் பலவற்றில் பில் போடும் கணினி, காட் மெஷின், கண்காணிப்புக் கெமரா, வைபை எல்லாம் ஒரே சுவிட்ச் பெட்டியில்தான் வந்து சேர்கின்றன. பெருநாள் வியாபார நெருக்கத்தில் அந்தப் பெட்டி முரண்டு பிடித்தால் கல்லாவும் நின்றுவிடும். டெக்னீஷியன் வரும்வரை கைகட்டி நிற்காமல், நாமும் சில கட்டளைகளைத் தெரிந்து வைத்திருப்பது நல்லதல்லவா?

மலிவான சாதாரண சுவிட்சில் கட்டளைக்கு இடமில்லை. நிர்வகிக்கக்கூடிய சுவிட்சில் 'கொன்சோல்' என்றொரு துவாரம் இருக்கும். அதற்குரிய கேபிளால் மடிக்கணினியை இணைத்து, 'புட்டி' போன்ற மென்பொருளை 9600 என்ற வேகத்தில் திறந்தால் கட்டளைத் திரை வரும். இங்கே தருபவை சிஸ்கோ சுவிட்சுக்குரியவை. மற்றைய கம்பனிகளில் சொற்கள் சற்று மாறுபடும்.

1. 'எனேபிள்': நிர்வாகியாக உள்ளே நுழைவதற்கு. இதற்குக் கட்டாயம் கடவுச்சொல் வைத்திருங்கள்.

2. 'ஷோ இன்டர்பேசஸ் ஸ்டேட்டஸ்': எந்தத் துவாரம் இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று பட்டியல் தரும். பில் கணினியின் துவாரம் 'நொட்கனெக்ட்' என்றிருந்தால் முதலில் கேபிளையும் கணினியையும் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

3. 'ஷட்டவுன்': 'கொன்பிகர் டெர்மினல்' சென்று, குறித்த துவாரத்தைத் தெரிந்து இக்கட்டளையை இட்டால் அது மூடிக்கொள்ளும். பாவனையில்லாத துவாரங்களை இப்படி மூடி வையுங்கள். மீண்டும் திறக்க 'நோ ஷட்டவுன்'.

4. 'சுவிட்ச்போர்ட் அக்சஸ் விலேன் 20': ஒரே பெட்டிக்குள் தடுப்புச் சுவர் எழுப்புவது போன்றது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைபையை 20இல் போட்டு, பில் கணினியை வேறு இலக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதை நேரடியாகத் தொட முடியாது. இரண்டுக்கும் இணையம் வேண்டுமானால் ரவுட்டரிலும் அதற்கேற்ற ஒழுங்கு தேவை. இதைத் தெரிந்தவரைக் கொண்டு செய்வியுங்கள்.

5. 'கொப்பி ரன்னிங்-கொன்பிக் ஸ்டார்ட்அப்-கொன்பிக்': செய்த மாற்றங்களைச் சேமிப்பது. பலரும் மறப்பது இதைத்தான். சேமிக்காவிட்டால் மின்சாரம் போன கையோடு மாற்றங்களும் போய்விடும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம் என்பதை மறக்கலாகாது.

கவனயீனத்தின் விலைக்கு ஓர் உதாரணம். 2018 ஏப்ரலில் சிஸ்கோ சுவிட்சுகளிலுள்ள 'ஸ்மார்ட் இன்ஸ்டோல்' என்ற வசதியினூடாக விஷமிகள் புகுந்து அமைப்புகளை அழித்தனர். உலகெங்கும் சுமார் 2 இலட்சம் சுவிட்சுகளும் தமது நாட்டில் 3,500ம் பாதிக்கப்பட்டதாக ஈரானிய அமைச்சு அறிவித்தது. தேவையற்ற அவ்வசதியை மூட 'நோ விஸ்டாக்' என்ற ஒரேயொரு கட்டளை போதுமாயிருந்தது. அமைப்பின் பிரதியைத் தனியே வைத்திருப்பவருக்கு இத்தகைய இழப்பிலிருந்து மீள்வதும் இலகு.

எனவே வியாபாரிகளே, சுவிட்ச் பூட்ட வருபவரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: கடவுச்சொல், எந்தத் துவாரத்தில் எது என்ற பட்டியல், அமைப்பின் பிரதி. தூரத்திலிருந்து அவர் வேலை செய்வதானால் 'டெல்நெட்' வேண்டாம். அதில் கடவுச்சொல் மறைப்பின்றிப் போகும். 'எஸ்எஸ்எச்' முறையையே கேளுங்கள். கடைத் திறப்பைப் பிறர் கையில் விட்டுவிட்டு நாம் வீடு போவதில்லையே!