தர்க்கமும் திருவுளச்சீட்டும்

யூதாசின் இடம் வெறுமையாயினபோது, அதனை நிரப்புதற்கு யோசேப்பு என்னும் பர்சபாவையும் மத்தியாவையும் நிறுத்திச் சீட்டுப்போட்டனர் என்றும், சீட்டு மத்தியாவின் பேருக்கு விழுந்தது என்றும் அப்போஸ்தலர் நடபடிகளின் முதலதிகாரம் கூறுதலை நம்மில் அறியாதார் இலர். அந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்கின், அதன்கண் இருவேறு செயல்கள் அடங்கியிருத்தல் புலனாகும். யோவானின் ஞானஸ்நான நாள்முதல் உடனிருந்தவரே அவ்விடத்துக்கு உரியர் என விதி வகுத்து, அவ்விதிக்கு இயைந்தாரைத் தெரிந்து நிறுத்தியது ஒன்று. இஃது அறிவின் தொழில். தகுதியால் ஒத்த இருவருள் ஒருவரைக் கொண்டது மற்றொன்று. ஈண்டு அறிவு ஒதுங்கி நிற்கச் சீட்டே பேசிற்று. அறிவின் எல்லைக்குள் சீட்டும், சீட்டின் எல்லைக்குள் அறிவும் புகாவாறு காக்கப்பட்டமையே அம்முறையின் சிறப்பு.

இக்காலத்துக் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர்க்கும் இவ்வெல்லையே பெரியதொரு சிக்கலாக அமைகின்றது. சிறப்பாகத் தர்க்கமுறை நிரலில், எதிர்பாராத எண் ஒன்றை எவ்வாறு பெறுவது, பலவற்றுள் ஒன்றை நடுவுநிலை பிறழாமல் எவ்வாறு தெரிந்தெடுப்பது என்னும் வினாக்களை ஆராயுமிடத்து, தர்க்கத்தின் இயல்பும் சீட்டின் இயல்பும் ஒருங்கே விளங்கும். அதனைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தர்க்கமுறை நிரலுக்கெனத் தோன்றிய மொழிகளுள் தலையாயது புரோலாக் என்பது. 1972-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து மார்செய் நகரில் அலேன் கோல்மெரோவரும் பிலிப் ரூசெலும் இதனை ஆக்கினர். எடின்பரோவில் இருந்த ராபர்ட் கோவால்ஸ்கியின் ஆராய்ச்சி இதற்குத் துணையாயிற்று. பிற மொழிகள் பலவற்றில் ‘இதைச் செய், பின்பு அதைச் செய்’ எனப் பொறிக்குக் கட்டளையிடுகிறோம். இம்மொழியிலோ மெய்க்கூற்றுகளையும் விதிகளையும் எழுதி வைத்து, அவற்றின்மேல் வினா எழுப்புகிறோம். யாக்கோபின் குடும்பத்தை எழுதப் புகுவோமாயின் அஃது இவ்வாறு அமையும்:

தாய்(லேயாள், ரூபன்).
தாய்(ராகேல், யோசேப்பு).
தாய்(ராகேல், பென்யமீன்).

இங்ஙனம் எழுதிய பின் ‘தாய்(எவள், யோசேப்பு)?’ என வினவினால், ‘எவள் = ராகேல்’ என விடை வரும். ‘தாய்(ராகேல், எவன்)?’ என மாற்றி வினவினும் அதே கூற்றுகள் விடையிறுக்கும். முதலில் யோசேப்பு என்றும், வேறுண்டோ என மேலும் வினவின் பென்யமீன் என்றும் கூறும். ஒரு வழி பயன்படாதாயின், பொறி தான் கடைசியாகப் பிரிந்த கவருக்குத் திரும்பி வந்து அடுத்த வழியைப் பற்றும். இதனை வழிதிரும்பல் என ஈண்டுக் குறிப்போம்.

இம்முறையில் எழுதிய கூற்றுகளுக்கு மூன்று இயல்புகள் உண்டு. ஒரே வினாவுக்கு என்றும் ஒரே விடை வரும். இரு கூற்றுகளை இடமாற்றி எழுதினும் அவற்றின் மெய்ம்மை மாறாது. ஒரு கூற்றை இருமுறை எழுதினும் ஒருமுறை எழுதியதற்கு ஒக்கும். ‘ராகேல் யோசேப்பின் தாய்’ என்பதை இருமுறை சொல்வதனால் அவள் தாயாகாமற் போவதில்லை.

இனி, பகடை உருட்டுதலை இம்மொழியில் எழுதுவோம். ‘பகடை(எண்)’ என வினவுந்தோறும் 1 முதல் 6 வரையுள்ள எண்களுள் ஏதேனும் ஒன்று வருமாறு அமைத்தோம் எனக் கொள்க. உடனே மேற்கூறிய இயல்புகள் யாவும் சிதைகின்றன. ஒரே வினாவுக்கு ஒருகால் 3 என்றும் மற்றொருகால் 5 என்றும் விடை வருகின்றது. ‘பகடை(எண்), பகடை(எண்)’ என இருமுறை எழுதினாலோ, முதலில் வந்த எண்ணே மீண்டும் விழுந்தாலன்றி இரண்டாவது கூற்று மெய்யாகாது. ஆகவே ஆறு முறைக்கு ஒருமுறையே ‘ஆம்’ என்னும் விடை கிடைக்கும்.

‘பகடை(எண்), இரட்டை(எண்)’ என்பதையும் நோக்குக. பகடையில் இரட்டை எண் உண்டோ என்பது வினாவாயின் உண்டு என்பதே விடை. எனினும் பொறி ஓர் எண்ணை மட்டும் உருட்டி, அது 3 ஆயின் ‘இல்லை’ என்று கூறிவிடும். திரும்பி வந்து பற்றுதற்கு வேறு கவர் இல்லை. இக்குறையை நீக்கக் கருதி, இயையும் எண் வருமளவும் மீண்டும் மீண்டும் உருட்டுமாறு செய்தாலோ, ‘ஆறினும் பெரிய எண்’ என்னும் இயலாத நிபந்தனை நேருமிடத்துப் பொறி ஓயாது உருட்டிக்கொண்டே இருக்கும்.

தர்க்கத்தின் வீட்டில் சீட்டு மறைவாகப் புகுந்ததே இக்குழப்பத்துக்குக் காரணம். ஆயின் அச்சீட்டு எத்தகையது? இவ்வெண்கள் மெய்யாகவே தற்செயலாகத் தோன்றுவனவா? அல்ல. 1949-ஆம் ஆண்டில் டி. எச். லேமர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் எடுத்துரைத்த முறையை நோக்கின் இவ்வுண்மை விளங்கும். ஓர் எண்ணை மற்றொரு நிலையான எண்ணாற் பெருக்கி, மூன்றாவதோர் எண்ணால் வகுத்து, மீதியைக் கொள்வதே அம்முறை. தொடக்க எண்ணை வித்து என்பர். வித்து 1 எனவும், பெருக்கும் எண் 7 எனவும், வகுக்கும் எண் 11 எனவும் கொள்வோம். வருவன: 7, 5, 2, 3, 10, 4, 6, 9, 8, 1. பத்து எண்களும் ஒவ்வொருமுறை வந்தபின் பழைய வரிசையே திரும்பும். காண்பார்க்கு ஒழுங்கின்றித் தோன்றினும் ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்தியதால் தவறாது பிறந்ததே. 1988-இல் பார்க், மில்லர் என்னும் இருவர் பெருக்க 16,807-உம் வகுக்க 214,74,83,647-உம் கொள்ளுமாறு கூறினர். முறை ஒன்றே, சுழற்சி மட்டும் நீண்டது.

இவ்வெண்களைப் பகடையாக்குமிடத்தும் விழிப்பு வேண்டும். மேற்கண்ட பத்து எண்களையும் ஆறால் வகுத்து மீதியைக் கொள்வோமாயின், 1, 2, 3, 4 ஆகியன இருமுறையும், 5-உம் ஆறுக்கு ஈடான 0-வும் ஒருமுறையுமே வரும், பகடை கோணிவிடும். 7 முதல் 10 வரையுள்ளவற்றைத் தள்ளி எஞ்சியவற்றைக் கொள்வதே நேர்மையான வழி. அப்போது 5, 2, 3, 4, 6, 1 என ஆறும் ஒவ்வொருமுறை வரும்.

நிற்க. சமவாய்ப்பு எண் எனப் பெயர்பெற்றது உண்மையில் வித்துக்கும் விளைவுக்கும் இடையே நிலவும் மாறாத தொடர்பேயாயின், அதனை மறைப்பானேன்? வெளிப்படையாக எழுதுதலே தக்கது:

பகடை(வித்து, எண், புதுவித்து).

இக்கூற்று எக்காலத்தும் மெய். வித்து 1 ஆயின் எண் 5 என்பது நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றே. இருமுறை உருட்ட வேண்டுமாயின், முதல் உருட்டின் புதுவித்தை இரண்டாம் உருட்டின் வித்தாகக் கொடுக்கின்றோம். அவை இரு வேறு கூற்றுகளாகிவிடுதலின் முரண்பாடு ஒழிகின்றது. தர்க்கத்தின் மூன்று இயல்புகளும் மீண்டும் நிலைபெறுகின்றன. மேலும், நிரலில் பிழை நேர்ந்தவிடத்து அதே வித்தைக் கொடுத்து அதே பிழையை மறுபடி வரவழைத்துத் திருத்தலாம். ஆராய்ச்சி முடிவைப் பிறர் சோதித்தற்கும் இதுவே வழி. ஒன்று மட்டும் நினைவிற் கொள்ளத்தக்கது: பொறி வழிதிரும்பும்போது வித்தும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே மீண்டும் உருட்ட விரும்புவோர் புதுவித்தை உரிய விதியிலேயே எழுதி வைத்தல் வேண்டும்.

இனித் தெரிந்தெடுத்தலுக்கு வருவோம். யாக்கோபின் புதல்வர் பன்னிருவருள் ஒருவரைச் சமவாய்ப்பாகத் தெரிந்தெடுக்க வேண்டும் எனக் கொள்க. லேயாளுக்கு அறுவர், ராகேல், பில்காள், சில்பாள் ஆகிய மூவர்க்கும் தலைக்கு இருவர். ‘முதலில் தாய் ஒருத்தியைத் தெரிந்தெடு, பின்னர் அவள் புதல்வருள் ஒருவனைத் தெரிந்தெடு’ என எழுதுவது இயல்பாகவும் நேர்மையாகவும் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தாலோ நிலைமை வேறு. ரூபனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு 1/4 × 1/6 = 1/24. பென்யமீனுக்குக் கிடைப்பது 1/4 × 1/2 = 1/8. ஒருவனுக்கு மற்றவனைக் காட்டிலும் மூன்று மடங்கு! எவரும் வஞ்சகம் செய்யவில்லை. ஒவ்வொரு கவரிலும் சீட்டு நேர்மையாகவே விழுந்தது. எனினும் முடிவு நேர்மையன்று. கவர்தோறும் சமவாய்ப்பு என்பது கனிதோறும் சமவாய்ப்பு ஆகாது. தர்க்கமுறை நிரல் விடைகளை மரம்போற் கிளைத்துத் தேடுதலின், இத்தவறு இம்முறையில் எளிதில் நுழைகின்றது.

இதற்குப் பரிகாரம் மேலே கூறிய எல்லையைக் காத்தலே. தர்க்கம் முதலில் தன் வேலையை முற்ற முடிக்கட்டும். விடைகள் அனைத்தையும் ஒரு பட்டியலாகத் திரட்டட்டும். அதன் பின்னர்ப் பன்னிருவருள் ஒருவர்க்கு ஒருமுறை மட்டும் சீட்டு விழுக. அப்போது ஒவ்வொருவர்க்கும் 1/12.

விடைகள் திரட்டி வைக்கவியலாதபடி மிகப் பலவாயின் என் செய்வது? அதற்கும் அழகியதோர் உபாயம் உண்டு. முதல் விடையைக் கையில் வைத்துக்கொள்க. இரண்டாவது வரின், 1/2 வாய்ப்பில் அதனைக் கொண்டு பழையதை விடுக. மூன்றாவதை 1/3 வாய்ப்பிலும், நான்காவதை 1/4 வாய்ப்பிலும் இவ்வாறே மாற்றுக. மூன்று விடைகளோடு முடிந்தால், மூன்றாவதற்கு வாய்ப்பு 1/3; முதலிரண்டும் ஒவ்வொன்றும் 1/2 வாய்ப்போடு வந்து 2/3 வாய்ப்பில் நிலைத்தமையால் 1/2 × 2/3 = 1/3. எத்தனை விடைகளாயினும் இக்கணக்கு பிழையாது; மொத்தம் எத்தனை என்பதை முன்னரே அறிய வேண்டுவதுமில்லை. புரோலாக்கில் இதனை எழுதுவோர், கையில் வைத்த விடை வழிதிரும்பும்போது அழிந்துபடாவாறு தேடலுக்குப் புறம்பே காத்து வைத்தல் வேண்டும்.

பலரையும் ஒரு புது வரிசையில் நிறுத்த வேண்டின், ஒவ்வொருவர்க்கும் ஒரு சமவாய்ப்பு எண்ணைச் சூட்டி, அவ்வெண்களின்படி வரிசைப்படுத்துதல் ஒரு வழி. இங்கு மற்றொரு வரம்பு குறுக்கிடுகின்றது. பன்னிரு புதல்வரை 47,90,01,600 வகையாக வரிசைப்படுத்தலாம். பார்க்கும் மில்லரும் கூறிய முறையில் அமையும் வித்துகள் 214,74,83,646. எண்ணளவில் இவை போதும். அவர்தம் உடன்பிறந்தாளாகிய தீனாளையும் சேர்த்துப் பதின்மூவராக்கினாலோ, வரிசைகள் 622,70,20,800 ஆகின்றன. வித்துகளைக் காட்டிலும் வரிசைகள் மிகுந்துவிட்டமையின், அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு எக்காலத்தும் வாரா. 1998-இல் மட்சுமோட்டோ, நிஷிமுரா என்னும் ஜப்பானியர் இருவர் வெளியிட்ட மெர்சேன் ட்விஸ்டர் என்னும் முறையின் சுழற்சி, இரண்டை 19,937 முறை தன்னோடு பெருக்கி ஒன்று கழித்த அளவினது. அதற்கும் சிறியதொரு வித்தையே இட்டால் பயன் சிறிதே. வித்தின் அகலத்தை மீறி விளைவு விரியாது.

சீட்டைத் தர்க்கத்தோடு முறைப்படி இணைக்கும் முயற்சிகளும் நடைபெற்றுள்ளன. 1995-இல் ஜப்பானியராகிய டைசுகே சாட்டோ வகுத்த கொள்கையின்படி, தற்செயலானவை யாவும் மெய்க்கூற்றுகளின் மட்டத்திலேயே நிற்கும். இன்ன கூற்று மெய்யாதற்கு இன்ன வாய்ப்பு என முன்னரே குறிக்கப்படும். சீட்டு விழுந்து கூற்றுகள் நிலைபெற்ற பின், விதிகள் எவ்வித ஐயமுமின்றித் தம் தொழிலைச் செய்யும். 2007-இல் வெளிவந்த ப்ரோப்லாக் என்னும் மொழி இவ்வடிப்படையிலேயே அமைந்தது. சீட்டு முடிவாக அன்று, தொடக்கமாகவே தர்க்கத்துக்குள் நுழையத் தகும் என்பது இதன் கருத்து.

இவையெல்லாம் பொறியறிஞர்க்கு மட்டும் உரியன என மாணவர் கருதற்க. விடுதி அறைகளைப் பங்கிடவும், தகுதியால் ஒத்த பலருள் ஒருவர்க்கு உதவிப்பணம் அளிக்கவும், தேர்வு வினாக்களைப் பொறுக்கவும் இன்று கணிப்பொறியின் சீட்டையே நம்புகின்றோம். வித்தைத் தம் விருப்பம்போல் மாற்றி மாற்றி இட்டு, வேண்டிய பெயர் வந்தவுடன் நிறுத்திக்கொள்ளும் ஒருவர்க்கு எத்துணைச் சிறந்த முறையும் தடையாகாது. அவர் எடுத்தது சீட்டும் அன்று. ஆதலின், தகுதியுடையார் பட்டியலையும் அதன் வரிசையையும் நிரலையும் முதலில் வெளியிடுதல் வேண்டும். அதன்பின் யாவரும் காண உருட்டிய பகடைகளால் வித்தைப் பெறுதல் வேண்டும். பெற்ற வித்தையும் வெளியிட்டால், ஐயுறுவோர் எவரும் அதே நிரலை மறுபடி இயக்கி அதே பெயரைக் காணலாம்.

அன்று இருவரும் சபையின் நடுவே நிறுத்தப்பட்ட பின்னரே சீட்டு விழுந்தது. பர்சபாவுக்கு அது விழவில்லை. எனினும் தமக்கு அநீதி நேர்ந்ததென அவர் முறையிட்டதாக அவ்வதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை. நாம் எழுதும் நிரலும், சீட்டு விழாதவர் முறையிடுதற்கு இடமில்லாத வகையில் அமைதல் வேண்டும்.