மின்னேற்றும் இடமும் முறை காக்கும் பண்பும்

ஏரிப் பாசனம் நடைபெறும் ஊர்களில் முறைப் பாசனம் என்னும் வழக்கம் உண்டு என்பதை யாவரும் அறிவர். நீர் குறைந்த காலத்தில், தலைமடைக்கு இவ்வளவு நேரம், கடைமடைக்கு இவ்வளவு நேரம் என ஊர் கூடி வரையறுக்கும். நீர்பாய்ச்சி அதனை நிறைவேற்றி வைப்பார். தம் வயல் நிறைந்த பின்னும் மடையை அடைக்காமல் உறங்கிவிடுபவரை ஊரார் எளிதில் மன்னிப்பதில்லை. அவருடைய வரப்பைத் தாண்டி வழிந்தோடும் நீர், கடைமடையில் வாடும் பயிருக்கு உரியதன்றோ?

இந்தப் பழைய ஒழுக்கம் இன்று புதியதோர் இடத்தில் தேவைப்படுகின்றது. மின்சார வண்டிகளுக்கு மின்னேற்றும் இடமே அது.

தமிழ்நாடு அரசு மின்சார வாகனக் கொள்கையை 2019 ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2023 ஆம் ஆண்டில் திருத்தியமைத்தது. பச்சை நிற எண் பலகை தாங்கிய வண்டிகளை இப்பொழுது கிராமச் சாலைகளிலும் காண்கின்றோம். நெடுஞ்சாலை உணவு விடுதிகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் மின்னேற்றும் கருவிகள் அமைந்து வருகின்றன. கருவி வந்துவிட்டது. அதனைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

சென்ற கோடையில் சுற்றுப்பயணத்தின்போது நாம் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். உணவு விடுதி ஒன்றின் முன்னே மின்னேற்றும் இடங்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் பெட்ரோல் கார் ஒன்று நின்றது. மற்றொன்றில் நின்ற மின்சாரக் கார் மின்னேறி முடிந்திருந்தது, உடையவரைக் காணோம். மல்லிகைப்பூ ஏற்றிய மூன்று சக்கரச் சரக்கு வண்டியுடன் ஓர் இளைஞர் வெயிலில் காத்து நின்றார். அரைமணி நேரம் மின்னேற்றினால் அவர் சந்தையை அடைந்துவிடலாம்.

பெட்ரோல் காருக்கு உரியவர் உணவருந்தி வந்தார். அவரிடம் நிலைமையை எடுத்துரைத்தோம். "ஐயா, இடம் வெறுமையாக இருந்தது; நிழலும் இருந்தது; நிறுத்தினேன். இதில் என்ன குற்றம்?" என்றார். அவர் தீயவர் அல்லர், அறியாதவர். விவரம் தெரிந்ததும் வருந்தி உடனே வண்டியை அகற்றினார். ஆயினும் ஒரு மணி நேரத்திற்கு மேல் கழிந்துவிட்டது. இளைஞர் சந்தையை அடைந்தபோது ஏலம் முடிந்துவிட்டதென்றும், கேட்ட விலைக்கே பூவைக் கொடுத்துத் திரும்பினார் என்றும் பின்னர் அறிந்தோம். ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பு, நிழலுக்காக நிறுத்திய காரினால் வீணாயிற்று.

இத்தவறு நேர்வதன் காரணத்தை ஆராய்வோம். பெட்ரோல் நிரப்பச் சில நிமிடங்களே ஆகும். ஆதலின் வண்டியைக் குழாயடியில் விட்டு எவரும் அகல்வதில்லை. மின்னேற்றத்திற்கோ நேரம் வேண்டும். 30 யூனிட் கொள்ளும் மின்கலம் உடைய காரை 3.3 கிலோவாட் கருவியில் முழுதும் ஏற்ற 9 மணி நேரத்திற்கு மேலாகும். விரைவுக் கருவியில் அதே கார் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கு 80 பங்கு நிறைந்துவிடும். காத்திருக்க வேண்டியிருப்பதால் உடையவர் அகல்கின்றார், அகன்றவர் மறந்துவிடுகின்றார். எனவே, மின்னேற்றும் இடம் நிறுத்துமிடம் அன்று. அது மடைவாய் போன்றது என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டிய முறைகள் வருமாறு:

1. மின்னேற்றும் வண்டி மட்டுமே அவ்விடத்தில் நிற்றல் வேண்டும். பச்சைப் பலகை இருப்பதனாலேயே உரிமை வந்துவிடாது. மின்னேற்றாது நிற்கும் மின்சார வண்டியும் பெட்ரோல் வண்டியைப் போலவே இடையூறாகும்.

2. மின்னேறி முடிந்ததும் வண்டியை அகற்றுதல் வேண்டும். முடியும் நேரத்தைக் கணித்துக் கைப்பேசியில் மணி வைத்துக்கொள்வது நன்று. தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதிக் கண்ணாடியருகே வைத்துச் செல்லலாம்.

3. விரைவுக் கருவியில், பிறர் காத்திருக்கும்போது, 80 பங்கு நிறைந்ததும் விட்டுக்கொடுத்தல் சிறப்பு. குடம் நிறையும் தறுவாயில் குழாயைத் திருகிக் குறைப்பதுபோல், மின்கலம் நிறையும் தறுவாயில் மின்சாரம் மெதுவாகவே ஏறும். இறுதி 20 பங்கிற்கு நெடுநேரம் ஆகும். நெடுந்தூரம் செல்வோர்க்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

4. நாள் முழுதும் தங்குவோர் மெதுவான கருவியையே நாடுதல் வேண்டும்.

5. பிறர் வண்டியில் உள்ள இணைப்பைக் கேளாமல் கழற்றலாகாது. மின்னேறும்போது பெரும்பாலான கார்களில் அது பூட்டிக்கொள்ளும். வலிந்து இழுத்தால் இரண்டும் பழுதாகும்.

6. வந்த வரிசையே முறை. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல் இங்கே செய்தல் தகாது. நோயாளியை ஏற்றி வருவோர்க்கு நம் முறையை மனமுவந்து அளித்தல் வேண்டும்.

7. பணி முடிந்ததும் கம்பியைச் சுருட்டி, பிடியை அதன் கொக்கியில் மாட்டுக. சேற்றிலும் சக்கரத்தடியிலும் கிடக்கும் கம்பி அடுத்தவர்க்குப் பயன்படாது.

அயல்நாடுகளிலும் இச்சிக்கல் எழுந்துள்ளது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மின்னேற்றத்திற்கென முறைப்படி ஒதுக்கிய இடத்தில் மின்னேற்றாது நிறுத்திய வண்டியை இழுத்துச் செல்லவும் சட்டம் இடமளிக்கின்றது. டெஸ்லா நிறுவனம் 2016 டிசம்பரில், மின்னேற்றம் முடிந்த பின்னும் அகலாத கார்களுக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. தண்டத்திற்கு அஞ்சி நடப்பதைவிடப் பிறர் துன்பம் உணர்ந்து நடப்பதே நம் ஊர்களுக்கு ஏற்றது.

ஊராட்சிகளும் வாளாவிருத்தல் ஆகாது. தம் எல்லையில் நிலையம் அமையுமாயின், தரையில் வண்ணக்கோடு இடுதல், "மின்னேற்றும் வண்டிக்கு மட்டும்" என்ற பலகையைத் தமிழில் வைத்தல், இரவில் விளக்கு எரிதல் ஆகியவற்றை நிலையத்தாரிடம் வலியுறுத்தலாம். அருகிலேயே பிற வண்டிகளுக்கு நிழலுடன் கூடிய இடம் ஒதுக்கினால், நிழலை நாடி வருவோரும் தவறு செய்யார். கிராம சபையில் இதனை ஒரு பொருளாக எடுத்துப் பேசுவது பயன் தரும்.

மடையை நேரத்தில் அடைத்த கைகள் நம்முடையவை. அக்கைகளே இணைப்பைக் கழற்றி, வண்டியை அகற்றி, அடுத்தவர்க்கு வழிவிடட்டும். கடைமடைப் பயிரும் விளையட்டும். பூ வண்டியும் நேரத்தில் சந்தையை அடையட்டும்.