எண்ணா, சரமா?

தோழியரே, 2019-ஆம் ஆண்டு வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் பி.எச்.பி. என்னும் நிரல்மொழி இடம்பெற்றது. மாறி, தரவினம், சரம் என்று அதில் வரும் பகுதியை நம்மில் பலர் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஆனால் அதிலே நம் ஓசூருக்கு ஒரு தனிப் பாடமே இருக்கிறது.

நம் கடைவீதியில் தமிழில் கேட்டால் தமிழிலும், தெலுங்கில் கேட்டால் தெலுங்கிலும், கன்னடத்தில் கேட்டால் கன்னடத்திலும் விலை சொல்வார்கள். பி.எச்.பி.யும் அப்படிப்பட்ட கடைக்காரரே. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994-இல் தம் சொந்த இணையப் பக்கத்திற்காக இதை எழுதத் தொடங்கினார். இணையப் படிவத்தில் நாம் வயது 16 என்று நிரப்பினாலும், அது 1, 6 என்ற இரு குறிகளைக் கோத்த சரமாகவே வந்து சேர்கிறது. (சரம் என்றதும் மல்லிகை நினைவுக்கு வந்தால் தவறில்லை, வரிசை மாறாமல் கோத்தது என்பதே பொருள்.) அதை எண்ணாக மாற்று என்று ஒவ்வொரு முறையும் நாம் சொல்ல வேண்டியதில்லை, இடம் பார்த்து மொழியே மாற்றிக்கொள்ளும். "10", "5" என்ற சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி இட்டால் 15; புள்ளி இட்டால் 105. "20 ரூபாய்" என்பதோடு 5 கூட்டினாலும் 25 வரும். எட்டாம் பதிப்பில் ஓர் எச்சரிக்கையும் கூடவே வரும்.

இந்த இணக்கம் இடறும் இடத்தை நம் தொலைபேசிக் குறியீட்டிலேயே காணலாம். ஓசூரின் குறியீடு 04344. இதை மேற்கோள் குறிக்குள் இட்டால் சரம். ஐந்து குறிகளும் அப்படியே நிற்கும். அந்தச் சரத்தை எண்ணாக மாற்றினால் முன்னால் உள்ள சுழியம் உதிர்ந்து 4344 ஆகும். மேற்கோள் குறியே இல்லாமல் நிரலில் 04344 என்று எழுதினாலோ விந்தை நிகழ்கிறது: திரையில் 2276 என்று வரும்! சுழியத்தில் தொடங்கும் எண்ணை பி.எச்.பி. எட்டை அடியாகக் கொண்டு படிக்கிறது. 4×512, 3×64, 4×8, 4 ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். எல்லை தாண்டிய பெங்களூரின் 080-ஐ அப்படி எழுதினால், 2015-இல் வந்த ஏழாம் பதிப்பு முதல், நிரல் ஓடவே ஓடாது. எட்டடி முறையில் 8 என்ற இலக்கமே கிடையாதே!

ஒப்பிடுதலில் இன்னும் கவனம் வேண்டும். ஓசூரில் மனை என்றால் வீடு கட்டுவதற்கான வெற்று நிலம். அத்திப்பள்ளியைத் தாண்டிக் கன்னடத்தில் மனெ என்றால் கட்டிய வீடு. ஏறக்குறைய ஒன்றென்று காசைக் கொடுத்துவிட முடியுமா? == என்னும் குறி அப்படித்தான் ஏறக்குறைய ஒப்பிடுகிறது. அதற்கு "04344", "4344" இரண்டும் சமம். "1இ3" என்ற உதிரிப்பாகக் குறியில் நடுவே இருப்பது ஆங்கில எழுத்தானால், அதுவும் "1000"-உம் சமம். ஒன்றைப் பத்தின் மூன்றாம் அடுக்கால் பெருக்கியதாக அது படித்துவிடும். சிப்காட் தொழிற்சாலை ஒன்றின் இருப்புப் பதிவேட்டில் இது நேர்ந்தால் வேறு பாகம் வண்டியேறும். உதவித்தொகை பெறும் இரு மாணவியரின் வங்கிக் கணக்கு எண்கள் முன்சுழியத்தால் மட்டும் வேறுபட்டால், ஒருத்தியின் பணம் மற்றொருத்திக்குப் போய்விடும். 2020 நவம்பரில் வந்த எட்டாம் பதிப்புக்கு முன் 0-உம் "ஓசூர்" என்ற சொல்லும்கூடச் சமமாக இருந்தன! அந்தக் கூத்து இப்போது இல்லை. மற்ற இரண்டும் இன்றும் உண்டு. மூன்று சமக்குறி (===) இட்டால் தரவினத்தையும் சேர்த்துப் பார்க்கும்; குறியீடுகளுக்கு அதையே இடுவோம். மதிப்பெண்ணைக் கூட்டலாம், சராசரி காணலாம்; அது எண். பதிவெண்ணை யாரும் கூட்டுவதில்லை. அதைச் சரமாகவே வைப்போம்.

சரத்தின் நீளத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. "ஓசூர்" எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. பி.எச்.பி.யின் ஸ்டர்லென் என்னும் செயற்கூறு 15 என்கிறது. அது எண்ணுவது பைட்டுகளை. எம்.பி. ஸ்டர்லென் உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி 5 என்கிறது. கிராஃபீம் ஸ்டர்லென் மட்டுமே நம் தமிழாசிரியை சொல்லும் விடையைத் தருகிறது.

பயிற்சிக்கு ஒன்று: கிருஷ்ணகிரியின் குறியீடு 04343, தேன்கனிக்கோட்டையின் குறியீடு 04347. மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் திரையில் என்ன வரும்?